பாஸ் முத்திரை

பார்சலைப் பிரித்துக் கவிழ்த்ததும் மேசையில் விழுந்தது பாதி ப்ரொப்பெல்லர். ஒரு பிளேடு முழுசாக இருந்தது. இன்னொன்று அடியோடு போயிருந்தது. முழுசாக இருந்த பிளேடின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. பெயின்ட் என்று நினைத்து நகத்தால் சுரண்டப் போனவள், கூடவே வந்த கடிதத்தில் நாலு வரி படித்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

எழுத்து கோணல்மாணலாக, வரிக்கு வரி சரிந்து இறங்கியது.

"ஐயா, நான் தையல்காரன். மாடல் விமானம் ஓட்டுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. உங்கள் பத்து அங்குல ப்ரொப்பெல்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்து, என் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதை உங்களுக்குத் தெரிவித்தேன். சுழலும் ப்ரொப்பெல்லருக்குள் நான் கையை நீட்டியதே காரணம் என்று பதில் போட்டீர்கள். நான் பின்னால்தான் நின்றேன். பதினாறு வருஷமாகப் பின்னால்தான் நிற்கிறேன். ஒரு பிளேடு பிய்த்துக்கொண்டு போனதும் எஞ்சின் குலுங்கின குலுக்கில் நாலு திருகும் பிடுங்கிக்கொண்டது. எஞ்சின் அப்படியே திரும்பி என் பக்கம் வந்தது. மிச்சமிருந்த பிளேடு வெட்டியது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். இதைச் சோதித்ததாக முத்திரை போட்டவர் யாரோ, அவர் கண்ணால் பார்க்கட்டும். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வருகிறது."

முத்திரை போட்டவர் அவள்தான். விபத்து நடந்ததே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். பதில் போட்டது யார் என்றும் தெரியாது. யாராக இருக்கும் என்று யோசிக்க அவசியமும் இல்லை.

அந்தத் தொழிற்கூடத்தில் மாடல் விமானங்களுக்கான ப்ரொப்பெல்லரைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஐந்து அங்குலத்திலிருந்து பதினெட்டு அங்குலம் வரை, எல்லாம் கண்ணாடி இழை கலந்த நைலான். நடத்துகிறவர் அவளுடைய அண்ணன். பெட்டி கட்டி அனுப்பும் பகுதி அண்ணியின் பொறுப்பு. சோதனை அறை பதினொரு வருஷமாக இவளுடையது. ஒரே சமயத்தில் வார்த்த தொகுதிக்கு லாட் என்று பெயர்; தேறிய லாட்டின் பெட்டிகளில் வட்டமாக ஒரு முத்திரை குத்துவாள். நடுவில் 'பாஸ்' என்று ஒரே வார்த்தை, கீழே அவளுடைய எண். அதனால் வேலைக்காரர்கள் வைத்த பெயர் பாஸக்கா. முதலாளியின் தங்கை வேறு என்பதால், அது எந்த பாஸ் என்று கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எந்த அர்த்தத்தில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் அவள் அறைக்கு அழைத்து ஒரு ப்ரொப்பெல்லரைக் கையில் கொடுப்பாள். "எடையே இல்லாத மாதிரி இருக்கா? ஒரு பிளேடு பத்து கிராம். இதுக்கு எழுதியிருக்கிற உச்ச வேகம் நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்து. அந்த வேகத்துல இந்தப் பத்து கிராம், ரெண்டு பிளேடும் சேர்ற நடுக்குடத்தை இழுக்கிற இழுப்பு நூத்தி முப்பது கிலோவுக்கு மேல. அதாவது ரெண்டு ஆளு இந்தப் பிளேடைப் பிடிச்சுத் தொங்குறாங்க. வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். விட்டுப் போச்சுன்னா எங்க போகும்னு கேக்காதீங்க. எங்க வேணாலும் போகும்." கேட்டவர்கள் ப்ரொப்பெல்லரை மேசையில் பூப்போல வைத்துவிட்டுப் போவார்கள்.

அறையின் நடுவில் இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் கனத்த மரப்பலகைகள். அதற்குள் மின்மோட்டார். ப்ரொப்பெல்லர் எந்தத் தளத்தில் சுழல்கிறதோ, அதற்கு நேராகச் சுவரிலிருந்து சுவர்வரை தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டில் அவள் உட்பட யாரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு லாட்டிலும் பத்தை எடுத்து, பத்து அங்குலம் என்றால் பதினெட்டாயிரத்தில் ஒரு நிமிஷம் ஓட்டுவாள். ஒன்று விட்டாலும் லாட் மொத்தமும் அரவைக்குப் போகும். இந்தப் பதினொரு வருஷத்தில் ஆறு லாட் போயிருக்கிறது. ஆறு தடவையும் அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உடைந்த குடத்தின் பின்பக்கம் லாட் எண் அச்சாகியிருந்தது. எண்பத்தேழு.

பதிவேட்டைப் புரட்டினாள். எண்பத்தேழுக்கு நேராக எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பத்துக்குப் பத்து சரி. பக்கத்தில் வட்டமாக அவள் முத்திரை. தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவருக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை. மொத்தம் பதினொரு நாள் விடுப்பு. முத்திரையை எப்போதும்போல இழுப்பறையில் பூட்டிவிட்டுத்தான் போனாள். இன்னொரு சாவி அண்ணனின் கொத்தில் தொங்கும்.

'சரி' என்று பத்து தடவை எழுதியிருந்த கையெழுத்து அண்ணனுடையது. அவசரமாக எழுதும்போது ரகரத்தின் காலை வெட்டிவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.

அலமாரியைத் திறந்து எண்பத்தேழின் மாதிரிப் பொட்டலத்தை எடுத்தாள். சோதித்த பத்தையும் ஒரு வருஷம் வைத்திருப்பது வழக்கம். பத்தும் இருந்தன. நைலானை உருக்கி வார்க்கும் மோல்டிலிருந்து வரும்போது நடுத்துளை சிறிதாக இருக்கும். அதைக் கடைந்து பெரிதாக்கினால்தான் சோதனை மோட்டாரின் தண்டில் ஏறும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பத்தில் ஒன்றிலும் துளை கடையப்படவில்லை. ஓட்டிச் சோதிப்பது இருக்கட்டும், தண்டில் மாட்டிப் பார்க்கக்கூட இல்லை.

காது மடல் சூடேறுவதை உணர்ந்தாள். பத்தையும் பொட்டலத்தில் போட்டு இடுப்பில் அணைத்துக்கொண்டு மோல்டிங் பக்கம் போனாள்.

மோல்டிங் இயந்திரத்தைப் பார்ப்பவருக்குப் புயல் என்று பெயர். அவர் எதற்கும் வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். தீ விபத்து ஒத்திகையில்கூட எல்லாரும் வாசலில் எண்ணி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தார்.

"எண்பத்தேழு ஓட்டினப்ப என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

புயல் அவள் முகத்தைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார், கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை.

"அக்கா, நான் சொன்னேன்."

"யார்கிட்ட? என்ன சொன்னீங்க?"

"டிரையர் ஹீட்டர் போயிடுச்சு. நைலான் குருணையை நாலு மணி நேரம் காய வைக்காம மோல்டுல விடக் கூடாதுல்ல. வெளிய மழை வேற. மூட்டையைத் திறந்து வெச்சா அரை நாள்ல ஈரம் குடிச்சிரும். ஹீட்டர் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. நிறுத்தலாம்னு சொன்னேன். போட்டி சீசன் ஆரம்பிக்குது, கடைக்காரங்க போன் மேல போன், ஓட்டுன்னார் முதலாளி. குருணை வேற பத்தல. அரைச்ச கழிவை வழக்கமா பத்துல ஒரு பங்கு சேப்போம். அன்னிக்குப் பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதி."

"பிளேடு முகத்துல வெள்ளி வெள்ளியா கோடு ஓடிச்சுக்கா. காட்டினேன். அழகாத்தான் இருக்குன்னார்."

அவள் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து, பக்கத்திலிருந்த ரம்பத்தில் குடத்தைக் குறுக்கே அறுத்தாள். அறுத்த முகத்தில் ஊசி குத்தின மாதிரி துளைகள். நைலானுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி விட்டுப்போன குமிழிகள். ரெண்டு ஆள் தொங்க வேண்டிய இடம் பஞ்சுபோல இருந்தது.

"இதை நீங்க எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றாள். "நான் திரும்பி வந்து ரெண்டு மாசம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாம்," என்றார் புயல்.

அண்ணன் அலுவலக அறையில் போனில் இருந்தார். எதிரே அண்ணி கடைகளுக்கான விலாசச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே போய்ப் பாதி ப்ரொப்பெல்லரை மேசைக் கண்ணாடிமேல் வைத்தாள். அண்ணன் போனை வைத்துவிட்டு அதைப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"ஓ, அந்த ஆளா. பதில் போட்டாச்சே."

"என்னன்னு போட்ட?"

"கையை விட்டிருப்பான். பின்ன? எஞ்சினுக்கு எரிபொருள் விடற ஊசியைத் திருகறேன்னு குனிவாங்க, பேசிக்கிட்டே கையை நீட்டுவாங்க. வருஷத்துக்கு நாலு பேர் இப்படி எழுதறாங்க."

"நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

"இதெல்லாம் பாத்துத்தான் தெரியணுமா?"

"சரி. இதையாவது பாரு." அறுத்த குடத்தை அவர் முன்னால் தள்ளினாள். "எண்பத்தேழு. நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தப்ப என் முத்திரையைக் குத்தின லாட்."

அண்ணி சீட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும், இவளுக்கு நேர்மாறு. "இங்க பாரு. பதினொரு நாள் நீ இல்ல. வேலையை நிறுத்தச் சொல்றியா? ஒரு முத்திரை, ரப்பர் துண்டு, அதைக் குத்தினதுக்கு இவ்வளவு பேச்சா?"

"ரப்பர் துண்டுன்னா உன் பேர்ல ஒண்ணு செஞ்சு அதைக் குத்தியிருக்க வேண்டியதுதானே? ஏன் குத்தல? உன் கையெழுத்தை ஏன் போடல? என் எண்ணைத் தேடிப் பூட்டைத் திறந்து எடுத்துக் குத்தியிருக்க."

"அவன் எஞ்சின் என்ன பெரிய எஞ்சினா? மிஞ்சிப்போனா பன்னெண்டாயிரம் சுத்தும். நாம எழுதியிருக்கிறது பதினஞ்சு. கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் பன்னெண்டுக்கு மேலதான் தாங்கும்."

"அண்ணா, எஞ்சின் மோட்டார் மாதிரி சுத்தாது. அடிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் ஒரு அடி. பன்னெண்டாயிரம்னா செகண்டுக்கு இருநூறு அடி, இந்த ஓட்டைக் குடத்து மேல. அதுக்குத்தான் நாம மேல மேல ஏத்திச் சோதிக்கிறோம். இது உனக்குத் தெரியாதா? நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த."

"தாங்கும்னு சொல்றேன்."

"தாங்குமா?"

"தாங்கும்."

"அப்படின்னா வா. வந்து கோட்டுல நில்லு."

பேச்சு வாக்கில் வந்துவிட்டதுதான். அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவரிடம் ஒரு குணம் உண்டு. முடியாது என்று யாராவது சொன்னால் போதும், முடியாது என்று தனக்கே தெரிந்தாலும் செய்துகாட்டப் போவார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவளுக்கு முன்னால் சோதனை அறைக்குள் நுழைந்தார். கோட்டுக்கு நேராக இருந்த, பலகை அடித்த கூண்டுக் கதவைத் திறந்தார். கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடாமல் தடுக்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. சட்டைப் பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து, மடித்து, அந்தச் சுவிட்சில் சொருகினார். பிறகு மஞ்சள் கோட்டின்மேல் இரண்டு காலையும் ஊன்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாட்டு," என்றார்.

அவள் ஒன்றுக்குத் துளை கடைந்தாள். தண்டில் ஏற்றி நட்டை முறுக்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்ச் பலகைக்கு வந்து வேகக் குமிழைத் திருப்பினாள்.

நாலாயிரம். ஆறாயிரம். ப்ரொப்பெல்லர் மறைந்து வெறும் சாம்பல் வட்டமானது. காற்று அண்ணனின் சட்டையைப் பிடித்து ஆட்டியது. அவர் அசையவில்லை. எட்டாயிரம். அவளுக்குள் எரிந்துகொண்டிருந்ததற்கு அந்தச் சத்தம் இதமாக இருந்தது. தையல்காரரின் கோணல் எழுத்து, பத்து 'சரி', 'அழகாத்தான் இருக்கு', எல்லாம் ஒன்றுமேல் ஒன்றாக ஏற, குமிழும் ஏறியது. ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அண்ணனின் கண் ஒரு தடவை கூண்டுப் பக்கம் போய்த் திரும்பியது. பயப்படுகிறார் என்று தெரிந்தது. பயப்படட்டும் என்று நினைத்தாள். பத்தாயிரத்து இருநூறு.

வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் கத்தவில்லை. இவள் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கை என்ன செய்யப் போகிறது என்பதுபோல.

பாஸக்கா சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

வட்டம் மெதுவாகக் கலைந்து மறுபடி இரண்டு பிளேடு ஆனது. அண்ணன்மேல் இருந்த கோபத்துக்குச் சமமாக இப்போது தன்மேலும் கோபம். இன்னும் ஒரு திருப்புத் திருப்பியிருப்பாள். அது அவளுக்குத் தெரியும்.

"பாத்தியா?" என்றார் அண்ணன். உதடு வறண்டிருந்தது. "ஒண்ணும் ஆகல."

அவள் கார்டைப் பிடுங்கித் தரையில் போட்டாள். அவர் கையைப் பிடித்துக் கோட்டிலிருந்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். கூண்டை மூடித் தாழ்ப்பாள் போட்டாள். அதே ப்ரொப்பெல்லரை மறுபடி ஓட்டினாள்.

பன்னிரண்டாயிரத்து எழுநூறில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மோட்டார் தன் தாங்கியோடு குதித்தது. எல்லாம் அடங்கியபின் கூண்டைத் திறந்தாள். ஒரு பிளேடு பலகைக்குள் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. அண்ணன் நின்ற பக்கத்துக் கதவுப் பலகை, அவருடைய மார்பு உயரம்.

இரண்டாவது பதின்மூன்றாயிரத்து முந்நூறில் போனது. மூன்றாவது பன்னிரண்டாயிரத்து நூறில். நாலாவதை அவள் எடுத்தபோது அண்ணன், "போதும்," என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி," என்றார். "ஹீட்டர் மாத்தியாச்சு. இனிமே இப்படி வராது."

"போனதைத் திரும்ப வாங்கணும்."

"என்னத்தை?"

"எண்பத்தேழுல போன நானூறையும்."

"பைத்தியமா உனக்கு? எந்த வாயால சொல்லுவே? ஒரு லாட்டு மோசம்னு சொன்னா எல்லா லாட்டும் மோசம்னு ஆயிடும். இருபது பேர் இங்க வேலை பாக்குறாங்க. இதுக்குள்ள பாதிக்கு மேல எங்கயாவது புல்லுல குத்தி உடைஞ்சிருக்கும். மாடல் விமானம்னா ப்ரொப்பெல்லர் உடையத்தான் செய்யும். விடு."

"பட்டியலைக் குடு. எந்தக் கடைக்கு எத்தனை போச்சுன்னு."

"குடுக்க மாட்டேன்."

அன்று அதற்கு மேல் அவள் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் தட்டை வைத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "என் அண்ணனைப் பத்தி இன்னிக்கு ஒரு வார்த்தையும் கேக்காதீங்க," என்றாள். அவர் கேட்கவில்லை. விவரம் தெரிந்த மனிதர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் அண்ணி நின்றாள்.

இரண்டு பேருக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமும் இல்லை. பதினைந்து வருஷத்தில் அண்ணி இந்த வீட்டுக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், மேசைமேல் ஒரு காகிதக் கட்டை வைத்தாள்.

"இருபத்திமூணு கடை, ஒன்பது கிளப்பு," என்றாள். "எண்பத்தேழு எங்கெங்க போச்சோ அதுல பென்சில்ல கோடு போட்டிருக்கேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியட்டும்." உட்கார்ந்து மேசை விரிப்பைத் தடவினாள். "அந்தப் பதிலை டைப் அடிச்சது நான்தான். அவர் சொல்லச் சொல்ல அடிச்சேன். 'கையை நீட்டியதே காரணம்'னு வந்தப்ப, இது இவருக்கு எப்படித் தெரியும்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. ஒரு நிமிஷம்தான். அப்புறம் முற்றுப்புள்ளி வெச்சு மூடிட்டேன்."

பாஸக்காவுக்கு அவள்மேலும் கோபம் வந்தது. ஆனால் அதைக் காட்ட நேரம் இல்லை. "கடைகளை நான் கூப்பிடறேன். கிளப்புகளை நீங்க பாருங்க, அண்ணி," என்றாள்.

மூன்று நாள் அந்தச் சமையலறை மேசைதான் அலுவலகம். சொன்னதையே சொல்லி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியது. பத்து அங்குலம், குடத்துக்குப் பின்னால் எண்பத்தேழு, ஓட்டாதீர்கள், ஓடுகிறதென்றாலும் ஓட்டாதீர்கள், திருப்பி அனுப்புங்கள், அனுப்ப முடியாவிட்டால் நடுவில் அறுத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

"இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் புகார் சொல்லலையே," என்றார் ஒரு கடைக்காரர்.

"ஒருத்தர் சொல்லியிருக்கார். ரெண்டு விரல் போனப்புறம், இடது கையால எழுதிச் சொல்லியிருக்கார். நீங்க ரெண்டாவது ஆளு வரட்டும்னு பாக்குறீங்களா?"

இன்னொருவர், வெந்நீரில் வேகவைத்தால் கெட்டியாகிவிடுமாமே என்று யோசனை சொன்னார். "உள்ள இருக்கிற ஓட்டை வெந்நீர்ல அடையாது," என்றாள். ஒரு கிளப்பின் செயலாளர் அண்ணியிடம் முழு விவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல ஒரு கம்பெனி தானா கூப்பிட்டுச் சொல்றது இதுதான் முதல் தடவை," என்றார். அண்ணி போனை வைத்துவிட்டு, "பாராட்டுறார்," என்று சொல்லி, சிரிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கடைக்காரர் அவரையே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், தன் மனைவியிடம் ஒன்றும் தங்கையிடம் ஒன்றுமாகப் பேசினார். குரல் இறங்கவே இல்லை, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உச்சத்தில் இருந்தது. கட்டின வீட்டை இடித்துவிட்டதாகச் சொன்னார். கூடப் பிறந்தவள் என்று இனிமேல் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். பாஸக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "முடிஞ்சுதா? அடுத்த கடைக்குப் போன் பண்ணணும்," என்றாள்.

அடுத்த வாரம் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அண்ணன் யாரோடும் பேசாமல் தானே பிரித்தார். நாலாவது பெட்டியில் ஒரு கிளப்பிலிருந்து வந்தவை இருந்தன, ஓட்டிப் பழகியவை. அதில் ஐந்தில் குடத்தை ஒட்டி மயிரிழை விரிசல். ஐந்தில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியுடையது என்று பெட்டிக்குள் துண்டுச் சீட்டு சொன்னது. அண்ணன் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்ததாகப் புயல் சொன்னார். பிறகு எழுந்து கூண்டுக் கதவின் சுவிட்சைக் கழற்றி, எதையும் சொருக முடியாத மாதிரி ஒன்றை மாட்டினாராம்.

அவள் மறுபடி வேலைக்குப் போனபோது இழுப்பறையின் இரண்டாவது சாவி அவள் மேசைமேல் கிடந்தது. அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவர்கள் பேசியது மொத்தம் நாலு வார்த்தை, அதில் மூன்று நைலானைப் பற்றி.

தையல்காரரைப் பார்க்க அவள் மூன்று வாரம் கழித்துப் போனாள். முன்னாலேயே போயிருக்க வேண்டும். போக முடியவில்லை.

கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. தையல் இயந்திரத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர் வெட்டு மேசைக்குப் பின்னால் நின்று, கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துப் பழைய துணியில் கோடு வெட்டிப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்லை.

"ப்ரொப்பெல்லர் கம்பெனியிலேருந்து வரேன்," என்றாள். "முத்திரை என்னுது."

அவர் கத்தரியை வைக்கவில்லை. "உக்காருங்க," என்று மனைவிதான் சொன்னாள். அதிலும் மரியாதை இருந்ததே தவிர, வரவேற்பு இல்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஈரம், கழிவு, குமிழி, ஓட்டாமலே குத்திய முத்திரை. அண்ணன் என்பதையும் சொன்னாள். தான் அன்றைக்கு ஊரில் இருந்தும் அங்கே இல்லை என்பதையும், இரண்டு மாதம் தெரியாமல் இருந்ததையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

"நீங்க லீவு போட்டா என் விரல் போகுமா?" என்றார் தையல்காரர்.

"போகக் கூடாது. போயிடுச்சு."

"அந்தப் பதிலை நான் படிச்சேன். படிச்சுட்டு எடுத்து வெச்சேன். இவளும் படிச்சா." மனைவியின் பக்கம் பார்க்காமலே சொன்னார். "பின்னாடிதான் நின்னேன்னு எத்தனை தடவை சொல்லியும், நீங்க அசால்ட்டா கையை நீட்டியிருப்பீங்க, கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதான்னா. அச்சடிச்ச காகிதம் பாருங்க, அதுக்கு மதிப்பு. ஒரு மாசம் என்கிட்ட சரியாப் பேசல. விரல் போனது ஒரு பக்கம். என் வீட்டுலயே நான் பொய்க்காரன் ஆயிட்டேன்."

பாஸக்கா மனைவியின் பக்கம் திரும்பினாள். "அவர் பின்னாடிதான் நின்னிருக்கார். குடம் உடைஞ்சிருக்கிற விதமே சொல்லுது. எஞ்சின் கழண்டு வந்திருக்கு. அவர் செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. எங்க காகிதம்தான் பொய்."

அந்த அம்மாள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். துணியின் ஓரத்தை விரலால் நீவி நீவி விட்டுக்கொண்டே இருந்தாள், அதில் சுருக்கம் இல்லாதபோதும். பிறகு எழுந்து போய், கணவர் வெட்டிக்கொண்டிருந்த துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் முதலில் கண்டுகொள்ளாத மாதிரி நின்றார். அப்புறம் வெட்டினார். கோடு முன்னைவிட நேராக வந்தது.

"மொத்தம் எத்தனை?" என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

"நானூறு."

"எத்தனை திரும்பிச்சு?"

"உங்களுதையும் சேத்து முன்னூத்தி ஐம்பத்திரண்டு."

"மீதி நாப்பத்தெட்டு?"

"தேடிக்கிட்டிருக்கோம். சில பேர் கடையில வாங்கிட்டு விலாசம் குடுக்கல. சில பேர் வேற ஊருக்குப் போயிட்டாங்க."

தையல்காரர் கத்தரியை மேசைமேல் வைத்தார். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை, அவள் எதிர்பார்த்து வரவும் இல்லை.

"அப்புறம் இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றார். "போய்த் தேடுங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் எல்லாரும் மைதானத்துக்கு வந்துடுவாங்க."

அவள் எழுந்தாள். தெருவுக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள். பட்டியலில் எந்தக் கிளப்பு இன்னும் பதில் சொல்லவில்லை என்று பார்த்தாள். மூன்று இருந்தன. முதலாவதை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.